துரைக்குக்கூட எழுதாத வார்த்தை

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் வளர்ந்த வீடுகளில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னது கிடையாது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைப்பார்கள், அவ்வளவுதான். இப்போது என் பேத்தியின் பிள்ளை, மூன்று வயது வாண்டு, பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்ததற்கெல்லாம் தேங்க் யூ சொல்கிறான். சொல்லாவிட்டால் அவன் அம்மா முறைக்கிறாள். நானும் பொக்கை வாயால் சிரித்து வைக்கிறேன். ஆனால் அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் எனக்கு உள்ளே சுருக்கென்று தைக்கிறது. ஏனென்று வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொன்னால் புத்திமதி சொல்ல மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய அந்தக் கோடை உங்களுக்கு நினைவிருக்கும். உங்களில் பாதிப் பேர் அப்போது தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ யாராவது மாமா வீட்டில் மாம்பழம் தின்றுகொண்டிருந்திருப்பீர்கள். நாங்கள் மயிலாப்பூரைவிட்டு நகரவில்லை. அம்மா நிறைமாத கர்ப்பிணி. கால் இரண்டும் வீங்கிப்போய், ரயிலில் ஏறவே கூடாது என்று லேடி டாக்டர் சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு அந்த டாக்டரும் கோயம்புத்தூருக்கு ரயில் ஏறிவிட்டாள் என்பது வேறு விஷயம். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, கும்பகோணம் போய்விட்டாள். மிச்சம் அப்பா, அம்மா, ஒரே பெண்ணான நான். எனக்குப் பத்து வயது.

பள்ளிக்கூடம் மூடிவிட்டது. தெருவில் வரிசையாகப் பூட்டு. வாசலில் கோலம் இல்லாத தெரு எப்படியிருக்கும் என்று அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சோறு போட ஆளில்லாத பூனைகள் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்து கத்தும். ஜன்னல்களில் வெளிச்சம் தெரியக் கூடாது என்று அப்பா கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார். பகலிலும் கூடம் இருட்டு, புழுக்கம், அந்தக் காகிதத்தின் ஒருவித எண்ணெய் நாற்றம். பொழுது போகாமல் நான் தெருவில் நடந்து ஒவ்வொரு வீட்டுப் பூட்டையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவேன்.

அப்பா கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. துரைக்குக் கடிதம் எழுதித் தருவதுதான் முக்கிய வேலை. அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. அதில் கணக்கு வழக்கு எதுவும் கிடையாது. முழுக்க முழுக்க இங்கிலீஷில் நன்றி சொல்லும் வழிகள். துரைக்கு வரும் கடிதங்களிலிருந்து, பேப்பரிலிருந்து, வைஸ்ராய் பேச்சிலிருந்தெல்லாம் பொறுக்கியெடுத்து எழுதி வைத்திருந்தார். எந்த வார்த்தைக்குப் பக்கத்தில் எந்த வார்த்தை உட்காரும் என்பதில் ஜாதகப் பொருத்தம் பார்ப்பவர் மாதிரி இருப்பார். தேங்க்ஸுக்கு முன்னால் மெனி வரலாம், ஹார்ட்டி வரலாம். கிராட்டிட்யூட் என்றால் டீப் வேண்டும், சின்சியர் வேண்டும், அதற்கு மெனி போட்டால் துரை சிரிப்பான். ஆபீஸில் சமமானவனுக்கு ஒன்று, மேலே இருப்பவனுக்கு ஒன்று, இன்னும் மேலே இருப்பவனுக்கு ஒன்று என்று படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகும். வேண்டாம் என்று சொல்லும்போதுகூட நோ என்று நிறுத்தாமல் கூடவே தேங்க் யூ சேர்க்கிற அவர்கள் நாகரிகத்தை நினைத்து நினைத்து மாய்ந்துபோவார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கும். எவர்லாஸ்டிங் கிராட்டிட்யூட். என்றென்றைக்கும் அழியாத நன்றி. அதை அவர் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை, துரைக்குக்கூட எழுதவில்லை என்று சொல்வார். பிறகு யாருக்கு அப்பா என்று கேட்டால், வரும்போது வரட்டுமே என்பார். பேச்சுத்துணைக்குத் தெருவில் யாரும் இல்லாத அந்தக் கோடையில், சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் நான்தான் அவருக்குச் சபை. அவர் ஒரு பாதியைச் சொல்ல, நான் மறு பாதியைச் சொல்ல வேண்டும். எனக்கு அர்த்தம் பாதி தெரியாது, ஆனாலும் ஜோடி மட்டும் தப்பாது.

எங்கள் தெரு கச்சேரி ரோடு பக்கம் திரும்பும் சந்தில் பைண்டிங் பாயின் கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. அம்மா பத்திரிகைகளில் வரும் தொடர்கதைப் பக்கங்களை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து வைப்பாள். கதை முடிந்ததும் கட்டாக எடுத்துக்கொண்டு நான் பாயிடம் ஓடுவேன். மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை, ஈரமாக ஒரு நெடி அடிக்கும். பாய் அதிகம் பேச மாட்டார். உள்ளே துணித் திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி, நாங்கள் பீவியம்மா என்போம், கதையில் கடைசியில் இன்னா ஆச்சு என்று என்னைக் கேட்பாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று முழுக் கதையும் சொல்லிவிட்டு வருவேன். அம்மாவும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் அதுவரை பார்த்ததில்லை.

அம்மாவுக்கு வலி கண்டது ஒரு மத்தியானம், சொன்ன நாளுக்கு மூன்று வாரம் முன்னாலேயே. அப்பா ஆபீஸில். பேசி வைத்திருந்த மருத்துவச்சி செங்கல்பட்டில். அம்மா சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, யாரையாவது கூப்பிடு என்றாள். யாரை? பூட்டியிருக்கிறது என்று தெரிந்தும் நான் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு ஓடினேன். சந்து திரும்பினால் பாய் கடை திறந்திருந்தது. எனக்கு மூச்சு இரைத்ததே தவிரப் பேச்சு வரவில்லை. அம்மா என்று மட்டும் சொன்னேன். பாய் உள்ளே திரும்பி உருதுவில் என்னமோ சொன்னார்.

பீவியம்மா வெளியே வந்தாள். தலையில் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கோஷா அங்கிகூட மாட்டாமல், எனக்கு முன்னால் ஓடினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அப்படித் தெருவில் இறங்கியதே இல்லை என்று பிற்பாடு பாய் சொன்னார். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் ஒரு நொடி தயங்கி நின்று என் முகத்தைப் பார்த்தாள். உள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அதற்குமேல் நிற்கவில்லை.

தம்பி பிறந்தபோது அழவில்லை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. நீலமாக, பேச்சு மூச்சில்லாமல் இருந்தான். நான் வெந்நீர்ச் செம்போடு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பீவியம்மா கொடியை எடுத்துவிட்டு, வாய்க்குள் விரல் விட்டுத் துடைத்து, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டினாள். ஊதினாள். மறுபடி தட்டினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மா, விட்டுடு பீவி, போயிடுத்து என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் விடவில்லை. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம்தான் பீவியம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஆறு மணிக்கு அப்பா வந்தபோது அவள் ரேழியில் நனைந்த புடவையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். நோட்டு நிறைய வார்த்தை வைத்திருந்த மனுஷன் கடைசியில் கேட்டது, பாய் சௌக்கியமா என்று. தினமும் போகும்போதும் வரும்போதும் பார்க்கிற பாயை! பீவியம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் அம்மாவுக்கு ஜுரம். அப்பா வைத்த ரசத்தை அப்பாவாலேயே சாப்பிட முடியவில்லை. பீவியம்மா தினமும் வந்து அம்மாவுக்கும் குழந்தைக்கும் உடம்புக்கு ஊற்றினாள். நாலாம் நாள் கொல்லைக் கதவு வழியாக ஒரு சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால். சட்டியைக் கீழே வைத்து, குடிக்கிறதும் குடிக்காததும் உங்கள் இஷ்டம் என்று சொல்லித் தள்ளி நின்றாள். எங்கள் வீட்டில் அதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரியும். அம்மா எடுத்துக் குடித்தாள். மறுநாளும் குடித்தாள், அதற்கு மறுநாளும். ஒருநாள் அப்பா பார்த்துவிட்டார். அவர் அந்தச் சட்டியைக் கிணற்றடிக்கு எடுத்துப்போய்த் தானே தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தார். அந்த ஒரு காரியத்துக்காக என் அப்பாவை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஜுரம் விட்ட அன்று அம்மா, உனக்கு நான் என்ன செய்யட்டும் பீவி என்று கேட்டாள். அவள் முதலில் ஒன்றும் வேண்டாம் என்றாள். பிறகு தம்பியின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"நாப்பதாம் நாளு எங்க வூட்டுக்கு ஒரு தபா இட்டுகினு வாங்கம்மா. என் கைல உசுரு வந்த புள்ள. எங்க வாசப்படிய ஒருக்கா மிதிச்சா போதும். அதுக்கு மேல எனுக்கு இன்னா வேணும்."

அவர்களில் நாற்பதாம் நாள் விசேஷம். அம்மா அவள் கையைப் பிடித்து, நானே தூக்கிண்டு வரேன் என்று சத்தியம் செய்கிற மாதிரிச் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

ஜப்பான்காரன் வரவில்லை. அத்தை வந்தாள். முப்பத்தைந்தாம் நாள் என்று நினைக்கிறேன். ஊர் மெல்லத் திரும்ப ஆரம்பித்திருந்தது. அத்தை கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு வயதில் தாலியறுத்தவள், தாயில்லாத என் அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். அவள் சொல்லை அப்பா தட்டியதே இல்லை. குழந்தை பிறந்த கதையை நான்தான் அவளுக்கு அளந்தேன், பெருமையாக, கஞ்சி உள்பட. பத்து வயதில் என் வாய்க்குப் பூட்டு கிடையாது. அத்தை கத்தவில்லை. புரோகிதரை வரவழைத்து வீட்டைச் சுத்தி பண்ணினாள். அம்மாவைத் தனியாக உட்கார வைத்து ஏதேதோ குடிக்கக் கொடுத்தாள். அப்பா ஆபீஸுக்குச் சீக்கிரமே கிளம்பிப் போனார்.

நாற்பதாம் நாள் பேச்சு வந்தபோது அத்தை நிதானமாகத்தான் சொன்னாள்.

"அவ நன்னா இருக்கட்டும், நம்ம குழந்தையைக் காப்பாத்தினவ. ஆனா அங்கே போனா வாயிலே ஏதாவது போடுவா. வேண்டாம்னா அவாளுக்கு அவமானம், வாங்கிண்டா நமக்கு ஆகாது. போகாம இருக்கறதுதான் ரெண்டு பேருக்கும் மரியாதை."

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். அம்மா, நான் வாக்குக் குடுத்திருக்கேன் என்று ஒரு தடவை சொன்னாள். அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அவர் முகம் தெளிந்தது. எழுதிடறேன் என்றார். பாய்க்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், கடிதமாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன், நேரில் போய்ச் சொல்வதைவிட அது எவ்வளவோ உசத்தி என்றார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் குழந்தைப் பருவத்திலேயே சந்தோஷமான சாயங்காலங்கள் அதற்கடுத்த மூன்றும்தான். அப்பாவும் நானும் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் துரைக்கு எழுதும்போதுகூட அவ்வளவு அடித்துத் திருத்தியதில்லை. டீப் போட்டார், போதவில்லை என்று அடித்தார். ஹார்ட்ஃபெல்ட் போட்டார், அதையும் அடித்தார். மூன்றாம் நாள் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். எவர்லாஸ்டிங் என்றேன் நான். கிராட்டிட்யூட் என்றார் அவர். எனக்குப் புல்லரித்தது. அவர் ஏமாற்றவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன். தன்னிடம் இருந்ததிலேயே பெரியதை எடுத்துக் கொடுத்தார். ஆபீஸிலிருந்து கொண்டுவந்த கெட்டிக் காகிதத்தில் என் கையெழுத்து மணிமணியாக இருக்கிறதென்று என்னையே நகல் எடுக்கச் சொன்னார். லேடீஸுக்கு நேராக எழுதுவது மரியாதை இல்லை என்று பாயின் பெயருக்கே எழுதினோம்.

நாற்பதாம் நாள் காலையில் கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் போனேன். அத்தை வாசல்வரை வந்து, எதையும் கை நீட்டி வாங்காதே என்று சொல்லியனுப்பினாள்.

கடைக்குள் பசைச் சட்டியைக் காணோம். காகிதக் கட்டுகளையெல்லாம் ஓரமாக அடுக்கிப் பெருக்கி மெழுகியிருந்தார்கள். வாசற்படியில் புதுசாகச் சுண்ணாம்பு. பாய் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். துணித் திரையை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டியிருந்தார்கள். உள்ளே கோரைப்பாய் விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளை விரிப்பு. தட்டில் கல்கண்டும் பேரீச்சம்பழமும். பச்சை வெல்வெட்டில் ஜரிகை வைத்து ஒரு குல்லா, என் உள்ளங்கை அளவுக்கு. பீவியம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா பின்னால வர்றாங்களா, பாப்பா?"

நான் கடிதத்தை நீட்டினேன். பாய் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். கடைசி வரியை எப்போது அடைவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்துவிட்டு, சாமி ரொம்பப் பெரிய வார்த்தையெல்லாம் போட்டு எழுதியிருக்கார் என்றார்.

பீவியம்மா அவரைக் கேட்டாள். "கொய்ந்த எப்ப வரும்னு எய்திகீதா?"

பாய் மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எனக்காகத்தான் பார்த்தார் என்று இப்போது நினைக்கிறேன். உடனே சொன்னால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று. "அது இல்ல" என்றார்.

அப்புறம் பீவியம்மா தட்டை எடுத்து வந்து என் முன்னால் குனிந்தாள். கதை சொன்னதற்காக எத்தனையோ தடவை திரைக்கு அடியிலிருந்து அந்தக் கை எனக்குக் கல்கண்டு நீட்டியிருக்கிறது. நான் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, வீடு வருவதற்குள் கரைத்து விழுங்கியிருக்கிறேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அன்றைக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வேண்டாம் என்று தமிழில் சொல்லியிருந்தாலாவது ஏதோ குழந்தை என்று விட்டிருப்பாள். நான் அப்பாவின் பெண்ணல்லவா. கழுத்தை நிமிர்த்தி, உச்சரிப்புச் சுத்தமாக, நோ, தேங்க் யூ என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. பாயைத் திரும்பிப் பார்த்தாள். அவர், வேணாம்னு சொல்லுது என்றார்.

பீவியம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, என் கன்னத்தை ஒரு தடவை வழித்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் இது தைத்திருக்காது. "போ கண்ணு, அம்மா தேடுவாங்க" என்றாள். நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். அப்பா, படித்தாரா, என்ன சொன்னார் என்று ஆவலாகக் கேட்டார். பெரிய வார்த்தை என்று சொன்னார் என்றேன். அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பீவியம்மா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எப்படி வருவாள்? அம்மா தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் பைண்டுக்குக் கொடுக்கவில்லை. டிரங்குப் பெட்டியில் கட்டுக்கட்டாகக் கிடந்து, ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்று போயிற்று. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அந்தச் சந்து வழியாக எத்தனையோ நாள் போயிருக்கிறேன். திரை விட்டிருக்கும். நாலே எட்டு வைத்து உள்ளே போய், இதோ பார் பீவியம்மா என்று காட்டியிருக்கலாம். அத்தைக்குத் தெரியவே தெரிந்திருக்காது. யார் என்னைத் தடுத்தார்கள்? அன்றைக்கு அப்படிச் சொல்லிவிட்டு எந்த முகத்தோடு போவது என்ற வெட்கம்தான். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஒரு வருஷம் ஓடியது. ஒருநாள் பார்த்தால் கடை பூட்டியிருந்தது. வேலூர் என்றார்கள், ஆம்பூர் என்றார்கள். சரியாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

சண்டை முடிந்த வருஷம் நாங்கள் தியாகராய நகரில் வீடு மாற்றினோம். அப்பா ரிட்டயரான பிறகு அந்த நோட்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை. சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், சம்பந்தா சம்பந்தமில்லாமல் என்னைக் கூப்பிட்டு, "அந்த லெட்டர் நன்னாத்தானே இருந்தது?" என்று கேட்டார். எந்த லெட்டர் என்று நான் கேட்கவில்லை. நன்னா இருந்ததுப்பா என்றேன். அவர் என்னை நம்பவில்லை என்று தெரிந்தது. அவருக்கும் அது நாற்பது வருஷம் தைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

தம்பிக்கு அறுபது ஆனபோது தியாகராய நகர் வீட்டிலேயே விசேஷம் வைத்தோம். பிள்ளைகள், பேரன்கள், மாலை, வாத்தியச் சத்தம். சாப்பாடான பிறகு அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் பிறந்த கதையை அம்மா அவனுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. மூச்சில்லாமல் பிறந்தது தெரியும், பீவியம்மா காப்பாற்றியது தெரியும். அதற்குமேல் தெரியாது.

"அந்த அம்மாவுக்கு நாம என்னக்கா பண்ணினோம்?" என்று கேட்டான்.

எனக்கு எழுபது வயது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் கழுத்தில் மாலையைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன்.

"நாப்பதாம் நாள் உன்னை அவாத்துக்கு எடுத்துண்டு போனோம்" என்றேன். "அம்மாதான் தூக்கிண்டு போனா, நானும் கூடப் போனேன். ரொம்ப நேரம் உன்னை மடிலேயே வெச்சுண்டிருந்தா. குடுக்கவே மனசில்லை அவளுக்கு."

தம்பி பெருமூச்சு விட்டான். அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அப்பாடா. ஒண்ணுமே பண்ணாம விட்டுட்டோமோன்னு ரொம்ப நாளா மனசுலே ஒரு பயம்க்கா" என்றான். "அதையாவது ஒழுங்காப் பண்ணியிருக்கோம்."

ஆமாம் என்றேன்.